ஆறு வருடப் பத்தியம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதுவது. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

நவம்பரில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தோம். படிக்கட்டுச் சுவர் நாங்கள் நினைத்த பக்கம் விழாமல் எங்கள் பக்கம் விழுந்தது. இடது கையைத் தூக்கித் தலையைக் காப்பாற்றிக்கொண்டேன். குத்துச்சண்டை மேடையில் பழகிய பழக்கம் இன்னும் போகவில்லை. தலை தப்பியது, முன்கை இரண்டு இடத்தில் உடைந்தது. பக்கத்தில் நின்ற ஆளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கல்லைப் புரட்டி அவனை வெளியே எடுத்தபோது சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொன்னோம். உங்களுக்கு எழுதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்பி வருவீர்கள் என்றுதான் எழுதவில்லை.

இரண்டு மாதமாகியும் எலும்பு கூடவில்லை. நேற்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கறி, மீன், முட்டை, பால், தயிர், தேன் எதுவும் ஆறு வருடமாகக் கிடையாது என்றேன். "வீகனா?" என்றார். அந்த வார்த்தையே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் ரொட்டியும் கறுப்புத் தேநீரும். மதியம் சோறும் உப்பும் ஏதாவது ஒரு காயும். மாலையில் மறுபடி ரொட்டி. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "கறியும் பாலும் இல்லாம நல்லாவே வாழலாம். எங்க மாமியார் அப்படித்தான் இருக்காங்க, கல்லு மாதிரி. ஆனா அவங்க பருப்பு, பயறு, கடலைன்னு பார்த்துப் பார்த்துச் சாப்பிடறாங்க. உங்களுது கொள்கை மாதிரி தெரியல. தண்டனை மாதிரி இருக்கு."

இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவர் நீங்கள். உங்களைவிட எலும்பைத் தெரிந்தவர் எனக்கு யார் இருக்கிறார்கள்? இது கூடுமா என்று எழுதுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி


ஜனவரி 20

என் தம்பிக்கு,

அண்ணன் ஆசிகளுடன். இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். முழங்கால் வலி அவளோடு பிறந்தது, அதை விடு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை. சுவர் விழுந்ததை ரெண்டு மாதம் கழித்து எழுதுகிறாயே, நான் செத்தால் உனக்கும் அப்படித்தான் எழுதச் சொல்ல வேண்டும்போல. ஒரு போன் வைத்துக்கொள் என்றால் அதுவும் மாட்டாய்.

எலும்பு கூடும். ஆனால் வெறும் ரொட்டிக்குக் கூடாது. உன் டாக்டர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. பருப்பு தின்று எலும்பை ஒட்டவைக்க உனக்கு நேரமில்லை. நீ சின்ன வயதிலிருந்து கறி தின்று வளர்ந்த உடம்பு. முதலில் ஒரு வாரம் பால். அடுத்த வாரம் முட்டை. பிறகு எலும்பு போட்ட சாறு. அதற்குப் பிறகு கறி. நான் சொல்கிறேன், கேள்.

சுருட்டை இறந்த அன்று வீட்டில் உன் தட்டில் கறி இருந்தது. உன்னோடு மேடையில் மோதி, மூன்று நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்து அவன் போய்ச் சேர்ந்த சேதி வந்தது. நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். ஒரு வாரத்தில் சரியாகிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். பிறகு பாலையும் விட்டாய், தோல் செருப்பையும் விட்டாய், ஊரையும் விட்டாய்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. குத்துச்சண்டையில் ரெண்டு பேரும் சம்மதித்துத்தான் ஏறுகிறார்கள். நடுவர் நின்றார், ஆயிரம் பேர் பார்த்தார்கள். நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று நான் எழுதியே தருகிறேன், இந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். சாப்பிடு. எனக்காகச் சாப்பிடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி வணக்கம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். என் கை அப்படியேதான் இருக்கிறது. பாலை வாங்கினேன், காய்ச்சினேன், ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பக்கத்து அறைக்காரரின் பூனைக்கு வைத்துவிட்டேன். பூனை உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னது.

ஒற்றைக் கையோடு வேலைக்குப் போகிறேன். மேஸ்திரி நல்ல மனிதர். உடைத்தெடுத்த ஜன்னல், கதவு, குழாய்களைப் பிரித்து அடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார். போன வாரம் அங்கே ஒரு சம்பவம். சம்மட்டி அடிக்கிற இருவருக்குள் வாய்த்தகராறு. ஒருவன் மற்றவனின் மனைவியைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான். மற்றவன் கடப்பாரையைத் தூக்கிவிட்டான். நான் ஆறடி தூரத்தில் நின்றேன். அவன் எந்தத் தோளை முதலில் அசைப்பான், அடி எந்தப் பக்கம் இறங்கும் எல்லாம் எனக்குத் தெரிந்தது. இரண்டு எட்டு வைத்து ஒரு குத்து விட்டிருந்தால் நின்றிருக்கும். என்னால் கையை மடக்க முடியவில்லை. விரல்கள் மூட மறுத்தன. கடப்பாரை தாடையில் இறங்கியது. பல் என் காலடிவரை வந்து விழுந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முன்னாள் சண்டைக்காரன் என்று அவர்களுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து ஒரு விஷயம் மனதில் ஓடுகிறது. யாரிடமும் சொன்னதில்லை. சுருட்டையோடு நடந்தது என் பதினேழாவது சண்டை. முந்தைய பதினாறிலும் முடிந்த பிறகு கை வீங்கும், இரண்டு நாள் சோறு பிசைய முடியாது. அன்று ஆறாவது ரவுண்டில் என் வலது கை அவர் கன்னத்தில் இறங்கியபோது ஒரு சத்தம் கேட்டது. ஓடு உடைகிற சத்தம். அவர் கண் கீழே சரிந்தது. என் கை மட்டும் வலிக்கவே இல்லை. மறுநாளும் வலிக்கவில்லை. ஒருவனைக் கொல்லும்போது கூட வலிக்காத கை என்ன கை என்றுதான் அன்று தட்டைத் தள்ளினேன். உயிரிலிருந்து வந்த எதையும் அந்தக் கையால் எடுத்து வாயில் வைக்க முடியவில்லை. இது உங்களுக்குப் புரிகிறதா, அண்ணா?

மதியச் சாப்பாடு மட்டும் ஒழுங்காக நடக்கிறது. தெருமுனையில் ஒரு அம்மா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அசைவக் கடைதான், ஆனாலும் எனக்கென்று ஒரு காய் தனியாக எடுத்து வைப்பார்.

அண்ணியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 30

என் தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். ஒரு பேருந்து கவிழ்ந்து முப்பது பேர் வந்தார்கள். நாலு நாள் என் கையில் மாவு காயவே இல்லை. அண்ணிக்குப் பித்தப்பையில் கல் என்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

பழைய சண்டையைப் பற்றி இனி எழுதாதே. எழுத எழுத அது வளரும். கை வலித்தது, வலிக்கவில்லை என்பதெல்லாம் அந்த வேகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கு ஒன்று மட்டும் எழுது, சாப்பிட ஆரம்பித்தாயா இல்லையா.

அந்தச் சாப்பாட்டுக் கடை அம்மா யார்? எந்தப் பக்கத்து ஆள்? வேலைக்கு எத்தனையோ ஊர் இருக்க நீ அந்த ஊருக்கு ஏன் போனாய் என்று இந்த ஆறு வருடத்தில் நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

உன் அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணியின் உடல்நிலையை உடனே எழுதுங்கள். கல் பெரிதென்றால் நான் வருகிறேன்.

நீங்கள் கேட்டுவிட்டீர்கள், இனி மறைக்க மாட்டேன். அந்தக் கடைக்காரம்மா சுருட்டையின் மனைவி.

அவர் இறந்த பிறகு அந்த அம்மா பிறந்த ஊருக்கே திரும்பிக் கடை வைத்தார் என்று கேள்விப்பட்டுத்தான் இங்கே வந்தேன். எதற்கு வந்தேன்? காலில் விழவா, செருப்படி வாங்கவா, தெரியாது. முதல் நாள் கடைக்குள் போய் உட்கார்ந்தேன், கேட்டது கிடைத்தது, தின்றேன், எழுந்து வந்தேன். அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாடி வளர்த்திருக்கிறேன், பாதி ஆளாகியும் விட்டேன்.

போன ஞாயிறு மதியம் கூட்டம் கலைந்த பிறகு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா என் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டு, வேறு தட்டோடு வந்தார். நிறையக் கறி, நடுவில் ஒரு நல்லி எலும்பு. எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கறி சாப்பிடுவதில்லை என்றேன்.

"தெரியும். எப்பலேர்ந்துன்னும் தெரியும்" என்றார். "நீ முதல் நாள் உள்ள வந்து தண்ணிச் சொம்பைத் தூக்கினப்பவே தெரியும். உன் கையை நான் மறப்பனா?"

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஏன் இத்தனை வருடம் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். முதல் வருடம் என் சோற்றில் எலிமருந்து கலக்க வாங்கி வைத்திருந்ததாகச் சாதாரணமாகச் சொன்னார். நாலு தடவை கலந்து நாலு தடவை கொட்டினாராம். பிறகு நான் உப்புச் சோறு தின்பதைப் பார்க்கப் பார்க்க அந்த வெறி தளர்ந்துவிட்டதாம். அதற்கு அப்புறம் எரிச்சல்தான் மிச்சம்.

"அவருக்கு கறி இல்லாம ஒரு வாய் இறங்காது. இந்தக் கடையே அவருக்கு நான் சமைச்ச சமையல்தான். நீ என் எதிர்ல உட்கார்ந்து ஆறு வருஷமா பட்டினி கெடக்கற. அது யாருக்கு? எனக்குன்னா எனக்கு வேண்டாம். அவருக்குன்னா அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சாப்பிடு."

சாப்பிட்டேன், அண்ணா. முதல் துண்டு வாயில் போனதும் குமட்டிவிட்டது. வாசலுக்கு ஓடிச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். அவர் தண்ணீரோடு பின்னாலேயே வந்து நின்றார். வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போய் மறுபடி உட்கார்ந்தேன். இரண்டாவது துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். நார் பல்லிடுக்கில் மாட்டியது. மாட்டின் உடம்பு, ஆட்டின் உடம்பு என்று இல்லாமல் சுருட்டையின் கன்னமே நினைவுக்கு வந்தது. அதையும் விழுங்கினேன். அழுதுகொண்டே தட்டைக் காலி செய்தேன். நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சச் சொன்னார், அதையும் செய்தேன். வாந்தி வரவில்லை. வெளியே வந்தபோது வயிறு சூடாக இருந்தது. அந்தச் சூட்டை மறந்தே போயிருந்தேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். சுருட்டையின் உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் அன்று அவரிடம் சொன்னாராம், கன்னத்து எலும்பு கல்லால் அடித்ததுபோல் நொறுங்கியிருக்கிறது, உறைபோட்ட கையால் இப்படி ஆகாது என்று. போட்டி நடத்திய கமிட்டிக்கு எழுதிக் கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லையாம். என் கையுறையில் ஏதாவது இருந்ததா என்றார். எதுவும் இல்லை, என் அண்ணன்தான் உறைக்குள் துணிக்கட்டுக் கட்டினார், அவர் கை சுத்தம் என்று சொன்னேன்.

சரியாகத்தானே சொன்னேன்?

தம்பி


மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் வணக்கம். நாற்பது நாளாகிறது, பதில் இல்லை. தபால் தவறிவிட்டதோ என்று மறுபடி எழுதுகிறேன்.

கை கூடிவிட்டது. போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். வாரத்தில் மூன்று நாள் கறி, மற்ற நாள் பருப்பு. பால் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். எங்களோடு சம்மட்டி அடிக்கும் ஒருவர் பிறந்ததிலிருந்து கறியே தொடாதவர், ஒரு தூணை ஒற்றை ஆளாகச் சாய்க்கிறார். நான் கறிக்குத் திரும்பிவிட்டேன் என்று கேட்டதும் தோளைத் தட்டி, தெம்பாக இருந்தால் சரி என்றார். நான் ஏதோ பெரிய பாவத்தைச் சொல்வதுபோல் சொன்னேன்.

கை சரியானதும் இடிக்கிற வீட்டின் சுவரில் வலது கையால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். வெறும் கைக்குத் துணி மட்டும் சுற்றிக்கொண்டு, மெதுவாகத்தான். உயிர் போகிற மாதிரி வலித்தது. இரண்டு விரல் வீங்கி இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

கடைக்காரம்மா உங்கள் பதில் வந்ததா என்று கேட்டார். ஒரு வரி எழுதுங்கள். இல்லை என்று ஒரு வரி. அது போதும்.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, கல்லை எடுத்துவிட்டார்கள். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? சாப்பிட ஆரம்பித்தீர்கள் என்று உங்கள் அண்ணன் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அழுதார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உங்கள் கடிதம் இரண்டும் வந்தன. ஒன்றைக்கூட என்னிடம் காட்டவில்லை. சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார், வருவார். ஒரு நாள் துவைக்க எடுத்த சட்டையில் தேடினேன் என்று என் கையை முறுக்கிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் என்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. முறுக்கிய கைக்கு அவரே எண்ணெய் போட்டு நீவிவிட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

போன ஞாயிறு காலையில் கொல்லைப்புறம் சத்தம் கேட்டுப் போனேன். துவைக்கிற கல்லில் வலது கையைப் பரப்பி வைத்து, இடது கையால் சுத்தியலை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். கத்தவே இல்லை. நான்தான் கத்தினேன். மூன்று விரல் நொறுங்கிவிட்டது தம்பி. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. ஆஸ்பத்திரியில் கதவு இடுக்கில் மாட்டியது என்று சொல்லச் சொன்னார். அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்தான் கட்டுப் போட்டார். அவருக்கும் தெரியும், கதவு அப்படி நசுக்காது என்று. ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் அப்படி என்ன எழுதினீர்கள்? எனக்கு எழுதுங்கள்.

அண்ணி


ஜூன் 12

தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணும். சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

நீ அந்த அம்மாவிடம் சொன்னது சரியல்ல. என் கை சுத்தமல்ல.

உன் சண்டைக்கு ரெண்டு மாதம் முந்தி சுருட்டையிடம் அடிபட்டவனை எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். தாடைக்குக் கட்டுப் போட நான்தான் உதவினேன். ஒரு கண் போயிற்று. அவன் அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். நம் அம்மா போனபோது உனக்கு வயது ஒன்பது. உன்னை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். போட்டியிலிருந்து விலகு என்று உன்னிடம் கெஞ்சினேன், நீ சிரித்தாய்.

அன்று கமிட்டி ஆள் வந்து உன் கைக்கட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, தளர்வாக இருக்கிறது என்று சொல்லி வலது கட்டைப் பாதி அவிழ்த்தேன். நீ கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாய். மாவுப் பட்டையை நாலாக மடித்து நனைத்து, முட்டிக்கு மேலே வைத்து, மறுபடி துணியைச் சுற்றினேன். "இறுக்கமா இருக்கே அண்ணா" என்றாய். "இருக்கட்டும்" என்றேன். உறையை மாட்டினேன். ஏறும்போது அது கல்லாகியிருந்தது.

அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. சீக்கிரம் விழ வேண்டும், உன் கண் தப்ப வேண்டும், அவ்வளவுதான். சண்டை முடிந்ததும் கட்டை நானே வெட்டி எடுத்து ஆஸ்பத்திரிக் குப்பையில் போட்டேன். மூன்று நாளும் பிழைத்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு சொல்லப் பயம். நீ தட்டைத் தள்ளியபோது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அடுத்த நாள் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று ஆறு வருடம் போய்விட்டது. சாப்பிடு சாப்பிடு என்று உனக்கு எழுதியதெல்லாம், நீ சாப்பிட்டுவிட்டால் என் கழுத்துக் கயிறு கொஞ்சம் தளரும் என்றுதான்.

நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.


ஜூன் 19

நீ இங்கே வா. வந்து அந்த அம்மாவிடம் உன் வாயால் சொல். காகிதத்தில் வேண்டாம்.

வந்த பிறகு ஓட நினைத்தால், கூடிய என் கையால் உன் காலை உடைப்பேன்.


ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் தைரியமாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். என்னைத் தவிர யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் வந்து இறங்கினார். நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். கடையில் கூட்டம் கலையும்வரை இருவரும் எதிர்ச்சாரியில் நின்றோம். உள்ளே போனதும் பெஞ்சில் உட்காரச் சொன்னார் கடைக்காரம்மா. இவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், கிளம்பும் முன் உங்களுக்கும் சொல்லியிருப்பாரே, அதையேதான். எங்கும் தடுமாறவில்லை.

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியுமா என்றார். மூன்று வாரமாகத் தெரியும் என்றேன். தலையாட்டினார். பிறகு தெருக்கோடியில் இருக்கும் மருந்துக் கடைக்கு என்னை அனுப்பி, மாவுப் பட்டை ஒரு சுருள் வாங்கி வரச் சொன்னார். எதற்கென்று எனக்குப் புரியாமல் இல்லை, அண்ணி. ஆனாலும் வாங்கி வந்தேன்.

தன் வலது கையை இவர் முன்னால் நீட்டினார். "அன்னிக்குக் கட்டின மாதிரியே கட்டு" என்றார்.

இவருக்கு வலது கையில் மூன்று விரல் மடங்காது. இடது கையாலும் பல்லாலும் கட்டினார். துணியின் நுனியைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. கடைக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் பிடித்தேன். நாலு மடிப்பு, முட்டிக்கு மேலே, அதன்மேல் துணி. அழகாகத்தான் கட்டினார். இருபது வருடத் தொழில். காய்வதற்குக் கால் மணி நேரம் ஆனது. அடுப்பில் குழம்பு அடிபிடித்தது, யாரும் எழவில்லை.

காய்ந்ததும் அவர் விரலால் தட்டிப் பார்த்தார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி நின்றார். ஐம்பது பேருக்கான சோற்று அண்டாவை ஒற்றை ஆளாக இறக்குகிற கை அந்த அம்மாவுடையது. ஒரே அடி. இடது கண்ணுக்குக் கீழே. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். பெஞ்சோடு சாய்ந்து, தலை மேசை விளிம்பில் மோதி, விழுந்தார். மூக்கிலும் வாயிலும் ரத்தம். கன்னம் உள்ளே போய்விட்டது. அப்படியே கையை ஊன்றி எழப் பார்த்தார், இன்னொரு அடிக்கு.

அந்த அம்மா அடிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு வலிக்கவே இல்லையே" என்றார். என்னைப் பார்த்து, "உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

நான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கனமாக இருப்பார் என்று நினைத்தேன், இல்லை. வழி முழுக்க என் தோளில் ரத்தம் ஒழுகியது. இவரை நானே கொன்றிருக்க வேண்டும் என்று மூன்று வாரமாக நினைத்திருந்தேன். ஆனால் சாகக் கூடாது, சாகக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் ஓடினேன். முகத்துக்கு என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டபோது, தடுக்கி விழுந்தேன் என்று இவர் எழுதிக் காட்டினார். மறுநாள் போலீஸை வரச் சொல்லி ஆறு வருடத்துக் கதையை எல்லாம் இடது கையால் எழுதிக் கொடுத்தார். கடையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கண் பார்வை போகாது என்கிறார்கள். நீங்கள் வாருங்கள். என் அறையில் தங்கிக்கொள்ளலாம். அண்ணன் உங்களைக் கேட்கிறார்.

தம்பி


அக்டோபர் 2

அண்ணாவுக்கு,

அண்ணி இங்கே சுகம். போன வாரம் சிறையில் உன்னைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், கன்னம் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது, பேச்சு தெளிவாக வருகிறது என்று. நான் ஏன் வருவதில்லை என்று நீ கேட்கவில்லையாம். நல்லது. சில நாள் உன்னை நினைத்தால் தூக்கிக்கொண்டு ஓடியது ஞாபகம் வருகிறது, சில நாள் அந்தச் சத்தம் ஞாபகம் வருகிறது. எது முன்னால் வரும் என்று எழுந்திருக்கும்போது தெரிவதில்லை.

கடைக்காரம்மா கட்டைத் தானே வெட்டி எறிந்துவிட்டார். மனம் தேறும்வரை பத்து நாள் நான்தான் பரிமாறினேன். இப்போதும் மதியம் போகிறேன். கறி இருந்தால் கறி, இல்லாவிட்டால் இருப்பது. எதை வைத்தாலும் தின்கிறேன், எதைத் தின்றாலும் ருசி தெரிகிறது. வேண்டாம் என்று தோன்றுகிற நாளில் வேண்டாம் என்கிறேன், அவரும் ஏன் என்று கேட்பதில்லை.

இதை எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. சிறையில் கறி போடுகிற நாளில் தட்டைத் தள்ளிவிடுகிறாய், பாலையும் தொடுவதில்லை, வெறும் ரொட்டியை நனைத்துத் தின்கிறாய் என்று அண்ணி சொன்னார். எட்டுக் கிலோ இறங்கிவிட்டாயாம்.

நிறுத்து. அது என்ன என்று எனக்குத் தெரியும். அதில் சுருட்டைக்கு ஒன்றுமில்லை, அவர் மனைவிக்கும் ஒன்றுமில்லை. நீ காய்ந்து கருவாடானால் யாருக்கும் எதுவும் திரும்பாது.

நவம்பர் நான்காம் தேதி உன்னைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். நான் வருவேன், அவரும் வருவார். பெரிய கூடம், மேலே மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் முன்வரிசையில் உட்கார மாட்டாராம், கடைசி பெஞ்சில்தான் உட்காருவாராம். அங்கேவரை உன் குரல் கேட்க வேண்டும்.

சாப்பிடு.

தம்பி